வயிற்றுக்கு ஓய்வு கொடுத்த முயல்

பேராசிரியரை எல்லோரும் பேராசிரியர் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் கல்லூரியிலும் அவர் பாடம் நடத்தியதில்லை. குழாய் தயாரிக்கும் கம்பெனியில் விற்பனை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு, மனிதன் மட்டும் ஓய்வு பெற்றால் போதாது, அவன் வயிறும் ஓய்வு பெற வேண்டும் என்று கண்டுபிடித்தார். வாரத்தில் இரண்டு நாள் வெறும் தண்ணீர், மற்ற நாட்களில் ஒரே வேளை சாப்பாடு. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அவர் இரண்டு மணி நேரம் சொல்வார். அதற்குள் கேட்பவர்களுக்குப் பசி வந்துவிடும். கூட்டம் முடிந்ததும் மண்டபத்துக்குப் பக்கத்து ஓட்டலில் உட்கார இடம் கிடைக்காது.

வயிற்று ஓய்வு மன்றம் என்று ஒன்று பதிவானது. தலைவர் அவர். பொருளாளர் எதிர்வீட்டுக்காரர். பேராசிரியர் தும்மினால் தன் மூக்கைத் துடைத்துக்கொள்ளக்கூடிய பக்தி அவருக்கு. கைபேசியில் மன்றத்துக்கென்று ஒரு குழு நடத்தி, தலைவர் சொன்னது, சொல்ல நினைத்தது, சொல்லியிருக்கக்கூடியது எல்லாவற்றையும் அதில் போட்டுக்கொண்டிருப்பார். கூட்டத்துக்குப் போக வரக் காரும் அவருடையதுதான்.

பேராசிரியரின் மனைவிக்கு மன்றத்தில் பதவி கிடையாது. அவளுக்கு வேலை இருந்தது. வீட்டின் பின்னறையில் தையல் இயந்திரம் போட்டுப் பெண்களுக்கு உடை தைத்துக் கொடுப்பாள். அந்த அறையிலேயே ஒரு முயலும் இருந்தது. வேறு ஊருக்குக் குடிபோன வாடிக்கையாளர் ஒருத்தி விட்டுப்போனது. நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்து, கிடைத்த காகிதத்தை மென்று, யார் கூப்பிட்டாலும் நிமிராமல் இருந்ததால் அதற்கு ஆபீசர் என்று பெயர் வைத்திருந்தாள். பகலில் அவள் பேசுவது பெரும்பாலும் ஆபீசரோடுதான். அவன் பதிலுக்கு உரை நிகழ்த்தமாட்டான்.

அவளுடைய தம்பி வீடு மாறினான். சாமான் கட்ட ஆள் வேண்டும் என்று கூப்பிட்டான். கிளம்பும்போது பின்னறையில் கணவரை நிறுத்திவைத்துச் சொன்னாள்.

"காய்ஞ்ச புல்லு எப்பவும் தட்டு நிறைய இருக்கணும். தண்ணிய ரெண்டு வேளை மாத்துங்க. கீரை ஒரு கைப்பிடி. வேற எதையும் குடுக்காதீங்க, உங்க தத்துவத்தையும் சேத்துதான் சொல்றேன்."

"ஒரு முயலப் பாத்துக்கத் தெரியாதா எனக்கு?"

"முயல உங்ககிட்ட விட்டுட்டுப் போறதுல பயம் இல்லீங்க. உங்கள முயல்கிட்ட விட்டுட்டுப் போறதுதான்."

இங்கே ஒரு விஷயத்தைப் பூசி மெழுகாமல் சொல்லிவிட வேண்டும். பேராசிரியருக்கு கிரீம் பிஸ்கட் பிடிக்கும். மனைவி ஊருக்குப் போனால் வாங்குவார். சாப்பிடுவதற்கு அவருக்கு இருந்த ஒரே இடம் பின்னறை. வீட்டில் மற்ற ஜன்னல் எல்லாம் தெருவைப் பார்த்தவை, தெரு பொருளாளரைப் பார்த்தது. அன்று சாயந்தரம் தையல் இயந்திரத்துக்கும் கூண்டுக்கும் நடுவே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஸ்ட்ராபெரி கிரீமை நக்கிவிட்டு பிஸ்கட்டைத் தனியாகத் தின்னும் பழைய முறையில் அவர் ஈடுபட்டிருந்தபோது, ஆபீசர் வந்து முழங்காலில் மூக்கால் இடித்தான். தனியாகத் தின்பதில் ஒரு குற்ற உணர்ச்சி இருக்கத்தான் செய்கிறது. பங்கு கொடுத்தார். இன்னும் கேட்டான். இன்னும் கொடுத்தார். கூட்டாளி கிடைத்த உற்சாகத்தில் இருவரும் அளவை மறந்தார்கள்.

மறுநாள் காலையில் ஆபீசர் எதையும் தொடவில்லை. வைத்த புல் வைத்தபடி இருந்தது. கீரை வாடிக் கிடந்தது. மூலையில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, அசையாமல் உட்கார்ந்திருந்தான். கூண்டின் அடித்தட்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. சாதாரண மனிதன் இதைப் பார்த்து 'ஐயோ, என்ன ஆச்சு' என்றிருப்பான். பேராசிரியர் சாதாரண மனிதர் இல்லையே. அந்தத் துப்புரவான தட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கொள்கை நான்கு காலோடு வந்து எதிரில் உட்கார்ந்திருந்தது.

உடனே படம் எடுத்துக் குழுவில் போட்டார். 'ஐந்தறிவு உணர்ந்ததை ஆறறிவு உணர்வது எப்போது?' என்று கீழே எழுதினார். கும்பிட்ட கைகள் வந்து குவிந்தன. அன்று மாலை மண்டபத்தில் கூட்டம் இருந்தது. முயலை மேடையிலேயே வைத்துவிடலாம் என்று பொருளாளருக்கு யோசனை பிறந்தது. மதியத்துக்கு முன்பே பட்டுத் துணி விரித்த ஒரு கூடையோடு வந்துவிட்டார். தம்பி வீட்டு வேலை சீக்கிரம் முடிந்ததால் மனைவியும் அந்த நேரத்தில்தான் வந்து சேர்ந்தாள். கைப்பையைக்கூட இறக்காமல் பின்னறைக்குப் போனாள்.

"ஏங்க, இவன் கடைசியா எப்ப சாப்பிட்டான்?"

"நேத்து ராத்திரியோட நிறுத்திட்டான்." மகன் பள்ளியில் முதலாவதாக வந்த செய்தியைச் சொல்லும் குரலில் சொன்னார் பேராசிரியர். "தானாவே. யாரும் சொல்லல. கொத்தமல்லின்னா உயிர விடுவானே, முகத்தத் திருப்பிக்கிட்டான்."

"தட்டக் கழுவினீங்களா? புழுக்கை எங்க?"

"எதுக்குக் கழுவணும்? அதுதான் விசேஷமே. ஒண்ணுகூடப் போடல. உள்ள போறது நின்னா உடம்பு எவ்வளவு சுத்தமாகும்னு நான் மேடையில சொன்னப்ப நீ சிரிச்சியே."

அவள் மண்டியிட்டு ஆபீசரின் காதைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. அருகில் குனிந்து கேட்டாள். உள்ளே ஏதோ நறநறவென்றது.

"மந்திரம் மாதிரி எதையோ முணுமுணுக்குது பாருங்கம்மா," என்றார் பொருளாளர், குரலைத் தாழ்த்தி.

"பல்லக் கடிக்குதுங்க. வலி பொறுக்காம."

முயலைக் கொடுத்துவிட்டுப் போனவள் அதிகம் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்: அரை நாள் சாப்பிடவில்லை, புழுக்கை போடவில்லை என்றால், பொழுது விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதே. மனைவி எழுந்து ஒரு துண்டை எடுத்து ஆபீசரைச் சுற்றினாள்.

"வெளிய உங்க கார் நிக்குதில்ல?"

"நிக்குதும்மா. மண்டபத்துக்கு..."

"மண்டபம் எங்கயும் ஓடிடாது. மிருக டாக்டர்கிட்ட விடுங்க."

"இயற்கையோட வேலையில குறுக்க போகாத," என்றார் பேராசிரியர்.

"குறுக்க நிக்கிறது நீங்கதான். வாசப்படிய விட்டு நகருங்க."

காரில் பேராசிரியர் முன்னால் உட்கார்ந்து கொண்டார். பின்னால் மனைவி மடியில் முயலை வைத்து, தன் உடம்பின் சூட்டுக்குள் அணைத்துக்கொண்டாள். வழியெல்லாம் பொருளாளரின் கைபேசி டிங் டிங் என்று கும்பிட்டுக்கொண்டே வந்தது.

கால்நடை மருத்துவரின் முன்னறையில் கழுத்தைச் சுற்றிப் புனல் மாதிரி பிளாஸ்டிக் குடை மாட்டிய ஒரு நாயும், அதன் எஜமானரும், கூடைக்குள் ஒரு பூனையும் காத்திருந்தார்கள். வரவேற்பில் இருந்த பெண், முயல், சாப்பிடவில்லை, புழுக்கை இல்லை என்ற மூன்றையும் கேட்டவுடன் எழுந்து உள்ளே போனாள். நாயின் எஜமானர், "நாங்க காலையில இருந்து உக்காந்திருக்கோம்," என்றார்.

"உங்க நாய் என் காலணியக் கடிக்குதுங்க. அது நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு முயலோடு வந்தவர்களை உள்ளே அனுப்பினாள்.

டாக்டரம்மா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிக்கொண்டிருந்தார். மேசை ஓரத்தில் திறந்திருந்த சாப்பாட்டுப் பெட்டியை ஒரு கணம் நோக்கிய பேராசிரியர், கஷ்டப்பட்டுக் கண்ணை மீட்டுக்கொண்டு தொண்டையைக் கனைத்தார்.

"டாக்டர், இது நோய் இல்ல. தன்னிச்சையான உண்ணாநிலை. உயிர்களோட வளர்ச்சிய எடுத்துக்கிட்டா..."

"நீங்க யாரு?"

"பேராசிரியர்."

"எந்தத் துறை?"

பேராசிரியர் யோசித்தார். "வயித்துத் துறை," என்று பொருளாளர் உதவிக்கு வந்தார்.

"யாரோட வயிறு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் டாக்டர் குழாயைக் காதில் மாட்டி முயலின் வயிற்றில் வைத்தார். ஒரு பக்கம் கேட்டார். மறுபக்கம் கேட்டார். விரல்களால் மெதுவாக அழுத்திப் பார்த்தார்.

"உலையில தண்ணி கொதிக்கிற மாதிரி சத்தம் வரணும் இங்க. ஒண்ணும் காணோம்."

"குடல் ஓய்வெடுக்குது," என்றார் பேராசிரியர்.

"முயலோட குடலுக்கு ஓய்வுன்னா அது கடைசி ஓய்வு சார். நிக்காம ஓடிக்கிட்டே இருக்கணும். நின்னா உள்ள இருக்கிறது காய்ஞ்சு இறுகும், காத்து அடைக்கும், வலிக்கும். வலிச்சா சாப்பிடாது. சாப்பிடலன்னா இன்னும் நிக்கும். நம்மள மாதிரி வாந்தி எடுத்துத் தப்பிக்கவும் அதால முடியாது." பேசிக்கொண்டே வலிக்கு ஓர் ஊசி போட்டார், தோலுக்கடியில் நீர் ஏற்றினார், சூடான மெத்தையில் கிடத்தினார். பிறகு எக்ஸ்ரே எடுத்துவந்து வெளிச்சத்தில் மாட்டினார்.

"இப்ப முக்கியமான கேள்வி. குடல் சும்மா நின்னுருக்குன்னா, அத ஓட வைக்க மருந்து இருக்கு, வாய் வழியா ஊட்டலாம். உள்ள ஏதாவது அடைச்சிருக்குன்னா அந்த மருந்தக் குடுக்கக் கூடாது. குடல் கிழிஞ்சிடும். வயித்தத் திறக்கணும், இவன் இருக்கிற நிலைமையில தாங்குவானான்னு நான் சத்தியம் பண்ண முடியாது. படத்துல காத்து தெரியுது. துணி, நூலு, பிளாஸ்டிக் எல்லாம் தெரியாது. அதனால நீங்கதான் சொல்லணும். எதையாவது மென்னு முழுங்கினானா?"

மனைவியின் முகம் சுண்டிப்போனது. "தையல் ரூமுலதான் இருக்கான் டாக்டர். வெட்டுத் துணியெல்லாம் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டுத்தான் போனேன். ஆனா அவசரத்துல கிளம்பினேன். மிஷினுக்கு அடியில ஏதாவது விழுந்திருந்தா... லைனிங் துணி ஒண்ணு வெட்டிக்கிட்டிருந்தேன். பாத்துட்டுப் போயிருக்கணும். ஒரு நிமிஷம் குனிஞ்சு பாத்திருக்கணும்."

"அப்ப துணின்னே வெச்சுக்கலாமா? ஆபரேஷனுக்குச் சம்மதமா?"

அவள் முயலின் நெற்றியை விரலால் தடவிக்கொண்டே, "என் தப்புதான்," என்றாள். யாருக்கும் சொல்லவில்லை. முயலிடம்தான் சொன்னாள்.

 அன்று விடிந்ததும் பேராசிரியர் பார்த்தபோது பின்னறைத் தரையில் பிஸ்கட் கவர் கிழிந்து கிடந்தது. அவர் கிழித்ததா, ஆபீசர் கிழித்ததா, எல்லாத் துண்டும் இருந்தனவா என்று பார்க்கவில்லை. சுருட்டி எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டார். அதைச் சொன்னால் மன்றம் போச்சு. சொல்லாவிட்டால் ஒரு வயிற்றைத் திறப்பார்கள். விற்பனை மேலாளராக இருந்த காலத்தில் இப்படி ஒரு சிக்கல் வந்தால் நடு வழி ஒன்றைக் கண்டுபிடிப்பார். இப்போதும் கண்டுபிடித்தார்.

"டாக்டர், ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம். ஒரு வீட்ல, யாரோ ஒருத்தர், ஒரு பிஸ்கட்..."

"என்ன பிஸ்கட்?"

"ஒரு பேச்சுக்குத்தான்."

"ஒரு பேச்சுக்கு என்ன பிஸ்கட்?"

"கிரீம் வெச்சது."

"ஐயா உதாரணம் சொல்றாங்க," என்று பொருளாளர் டாக்டருக்கு விளக்கினார். கைபேசியைத் திறந்து குறித்துக்கொள்ளவும் தயாரானார்.

"உதாரணத்துக்குக் கவர் இருந்துச்சா?" என்றார் டாக்டர்.

ஆபீசர் பல்லைக் கடித்தான். இந்த முறை அறைக்கே கேட்டது. பேராசிரியர் உதாரணத்தை அந்த இடத்திலேயே போட்டுவிட்டார்.

"நான்தான். நேத்து சாயந்தரம். நான் தின்னேன், அவன் கேட்டான், குடுத்தேன். ரொம்பவே குடுத்துட்டேன். காலையில கவர் கிழிஞ்சு கிடந்துச்சு. அவன் தின்னானான்னு தெரியல."

பொருளாளரின் விரல் கைபேசி மேல் அப்படியே நின்றது. மனைவி திரும்பினாள். கேட்டது ஒன்றுதான்.

"கவர் எங்க?"

பேராசிரியர் பொருளாளரைப் பார்த்தார். "உங்க வீட்டுக் குப்பைத்தொட்டியில."

"எங்க வீட்டுலயா, ஐயா?"

"எங்க வீட்டுத் தொட்டிய இவ பாப்பா. உங்க தொட்டிய யாரு சந்தேகப்படப் போறாங்க?"

பொருளாளர் வீட்டுக்குப் போன் போட்டார். டாக்டர் எல்லோருக்கும் கேட்கும்படி வைக்கச் சொன்னார். குப்பையைக் கிண்டச் சொன்னதற்குப் பொருளாளரின் மனைவி முதலில் நாலு வார்த்தை சொன்னாள். பிறகு தொட்டி உருளும் சத்தம் கேட்டது. 

"ஏங்க."

"சொல்லு."

"ஸ்ட்ராபெரி கிரீமு. ஒண்ணு இல்லீங்க, மூணு கவர்."

பேராசிரியர் கூரையைக் கூர்ந்து ஆராய்ந்தார்.

"எனக்கும் பிள்ளைங்களுக்கும் வாரத்துல ரெண்டு நாள் வெறும் தண்ணி. மன்றத்துக்குப் போறேன், மன்றத்துக்குப் போறேன்னு போயி, நீங்க பண்ற வேலை இதுதானா? இப்ப எங்கயோ மாட்டிக்கிட்டு, கவர ஒளிச்சு வைக்கச் சொல்லி எனக்கே போன் பண்றீங்களா?"

"அது நான் இல்லடி..."

"பின்ன யாரு, பேராசிரியரா?"

பொருளாளர் வாயைத் திறந்தார். தலைவரைப் பார்த்தார். மூடிக்கொண்டார். பேராசிரியர் எட்டிப் போனை வாங்கினார். அந்த அளவுக்கு அவருக்கு நேர்மை இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

"அம்மா, நான்தான் பேசறேன். அந்த பிஸ்கட்ட நான்தான் சாப்பிட்டேன்."

 "ஐயா, நீங்க இவருக்காகப் பொய் சொல்லாதீங்க. உங்க மனசு எனக்குத் தெரியும்."

"பொய் இல்லம்மா. சத்தியமா நான்..."

"இந்த மனுஷனுக்காகச் சத்தியம் வேற பண்றீங்களே ஐயா." 

டாக்டர் போனைப் பிடுங்கினார். "அம்மா, யாரு தின்னதுங்கிற வழக்க அப்புறம் வெச்சுக்குங்க. கிழிஞ்ச கவர மேசையில பரத்தி, துண்டு துண்டாச் சேத்துப் பாருங்க. ஏதாவது குறையுதா?"

கவர் சரசரத்தது. "பேரு முழுசா வருது... பின்பக்கம் வருது... இந்த ஓரம் இங்க சேருது... இழுத்துத் திறக்கிற சிவப்பு நாடாகூட இருக்கு. ஒண்ணும் குறையல டாக்டர்."

"போட்டோ எடுத்து அனுப்புங்க."

கோபத்தில் இருக்கிறவள் கணவனுக்கு மட்டும் அனுப்புவாளா? படம் மன்றத்தின் குழுவில் போய் விழுந்தது. மேலே ஒரு வரியும் எழுதியிருந்தாள்: 'இதுதான் உங்க பொருளாளர்.' டாக்டருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. பொருளாளரின் கைபேசியிலேயே படத்தைப் பெரிதாக்கி, ஓரம் ஓரமாகப் பார்த்து, தலையாட்டினார். மனைவியிடம் மறுபடி கேட்டார். துணி எல்லாம் பீரோவில்தானே? பொருளாளர் தன் மனைவியைத் திரும்ப அழைத்து, தங்களிடம் இருக்கும் பேராசிரியர் வீட்டு மாற்றுச் சாவியை எடுத்துப் போய் மிஷினுக்கு அடியில் பார்க்கச் சொன்னார். தரை துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது, லைனிங் துணி பூட்டிய பீரோவின் கண்ணாடி வழியே மடிப்புக் கலையாமல் தெரிகிறது என்று பதில் வந்தது. டாக்டர் இன்னொரு தடவை வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"மாவு மாதிரிதான் இருக்கு, கல்லா இல்ல. வயித்தத் திறக்க வேண்டாம். மருந்து குடுக்கறேன்."

குடலை நகர்த்தும் ஊசி போனது. புல்லை அரைத்துக் கரைத்த ஒரு பச்சைக் கூழை ஊசியில்லாத சிரிஞ்சில் ஏற்றி, வாயின் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடும் விதத்தை டாக்டர் மனைவிக்குக் காட்டிக்கொடுத்தார். அவசரப்பட்டால் புரையேறிவிடும். அவன் மென்று விழுங்கிய பிறகுதான் அடுத்த சொட்டு. "இனி அவன் புழுக்கை போடணும். அதுவரைக்கும் எதுவும் நிச்சயமில்ல," என்று சொல்லிவிட்டு நாயைப் பார்க்கப் போனார்.

முன்னறை பெஞ்சில் பொருளாளர் கைபேசியைப் பார்த்தபடி இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். குழுவில் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பேராசிரியர் தன் கைபேசியை எடுத்து, 'பிஸ்கட் தின்றது நான். பொருளாளர் நிரபராதி' என்று எழுதிப் போட்டார். கும்பிட்ட கைகள் முன்னைவிட வேகமாக வந்தன. 'தொண்டனின் பழியைத் தன் தோளில் சுமக்கும் தலைவர்' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'இது விளையாட்டு இல்லை, நானேதான் தின்றேன், மூன்று பாக்கெட்' என்று மறுபடி எழுதினார். ஒரு பெண்மணி அழும் முகம் ஒன்றைப் போட்டு, 'எங்களுக்காக இன்னும் எத்தனை' என்று கேட்டிருந்தாள்.

"விட்டுருங்க ஐயா," என்றார் பொருளாளர். "நீங்க எழுத எழுத நான்தான் இன்னும் மோசமாத் தெரியறேன்."

பேராசிரியர் எழுந்து உள்ளே போய் மனைவிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்.

"கோவமா?"

"பிஸ்கட்டுக்கா? உங்க சட்டைப் பைய உதறித் துவைக்கிறது யாரு? வருஷக்கணக்கா எனக்குத் தெரியும்."

"பின்ன?"

அவள் சிரிஞ்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் துணியப் பாக்காமப் போயிட்டேன்னு என்னையே திட்டிக்கிட்டிருந்தேன். பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருந்தீங்க. அந்த நேரம் இருக்கு பாருங்க, அதுக்குத்தான்."

 பேராசிரியருக்கு விளக்கம், பின்னணி, உயிர்களின் வளர்ச்சி, எதுவும் வரவில்லை. மெத்தையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அதில் விரித்திருந்த வெள்ளைத் துணியையே பார்த்தார். ஆபீசர் ஒரு காதை அசைத்தான். பின்னங்காலை நீட்டினான். வெளியே வெயில் தாழ்ந்து, வரவேற்பில் இருந்த பெண் விளக்கைப் போட்டாள்.

ஆபீசர் கொஞ்சம் முன்னால் நகர்ந்தான். அவன் உட்கார்ந்திருந்த இடத்தில், வெள்ளைத் துணியின் மேல், மிளகைவிடச் சற்றே பெரிதாக, கோணலாக, காய்ந்த ஒன்று கிடந்தது. பக்கத்தில் இன்னொன்று.

முதலில் பார்த்தவர் பேராசிரியர்தான். ஸ்டூலிலிருந்து இறங்கி மண்டியிட்டு, மூக்கு முட்டுமளவு குனிந்தார். "டாக்டர்," என்று கூப்பிட்டார்.  மறுபடி கூப்பிட்டார்.

டாக்டர் வந்து பார்த்தார். "சின்னதா இருக்கு, காய்ஞ்சிருக்கு. ஆனா வழி திறந்துடுச்சு. ராத்திரி முழுக்க ஊட்டிக்கிட்டே இருங்க, காலையில கொண்டாங்க. இனி புல்லு, தண்ணி, கீரை. வேற எதாவது குடுத்தீங்கன்னா," என்று பேராசிரியரைப் பார்த்தார், "உங்களத்தான் இங்க படுக்க வைப்பேன்."

பேராசிரியரின் கைபேசி அடித்தது. மண்டபத்திலிருந்து ஏற்பாட்டாளர். கூட்டம் நிறைந்து வழிகிறது, பொருளாளர் விவகாரத்துக்குப் பிறகு நிற்கக்கூட இடமில்லை, தலைவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டார்.

"இன்னிக்கு வர முடியாது," என்றார் பேராசிரியர், மண்டியிட்டபடியே. "முயல் புழுக்கை போட்டிருக்கு."

ஏற்பாட்டாளரின் குரலில் பயபக்தி ஏறியது.

"ஐயா, அதுக்கு என்னங்கய்யா அர்த்தம்?"

"புழுக்கை போட்டிருக்குன்னு அர்த்தம்யா," என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்தார்.

மனைவி அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு தன் ஸ்டூலைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டு, பச்சைக் கூழ் நிரப்பிய சிரிஞ்சை அவர் கையில் கொடுத்தாள்.

"மெதுவா. அவன் முழுங்கினப்புறம்தான் அடுத்த சொட்டு."